தேய்பொருள் என்னும் சமாதானம்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொன்றரை மணியளவில் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றுபோனது. பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியில் தொடுகையுற்றதே காரணம் என்று அமைச்சர் அறிவித்தார். செய்தி உலகெங்கும் சென்று பலரையும் சிரிக்கவைத்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் பத்திரிகைக்கான கட்டுரையொன்றை எழுதிக்கொண்டிருந்தேன். மடிக்கணினியில் பற்றரி 62 வீதம் என்று காட்டியது. இரண்டு மணித்தியாலங்களாவது தாங்கும் என்ற நம்பிக்கையில் எழுத்தைத் தொடர்ந்தேன். பத்து நிமிடங்கள்கூடக் கழிந்திருக்காது. எவ்வித எச்சரிக்கையுமின்றித் திரை இருண்டது. சேமிக்காதிருந்த நான்கு பந்திகள் காற்றோடு போயின. நாட்டின் மின்சாரத்தை நிறுத்தியது குரங்கு. என் கட்டுரையை அழித்தது குரங்கல்ல.

அந்தக் கணினியை 2023 டிசம்பரில், பம்பலப்பிட்டியில் உள்ள ஒரு கடையில் 245,000 ரூபா கொடுத்து வாங்கினேன். இரண்டு வருட உத்தரவாதம் என்று பெட்டியிலும் பற்றுச்சீட்டிலும் எழுதப்பட்டிருந்தது. பதினான்கு மாதங்களே ஆகியிருந்தன. அந்த நம்பிக்கையோடு கடைக்குப் போனேன்.

"ஐயா, ரெண்டு வருசம் கொம்பியூட்டருக்குத்தான். பற்றரிக்கு ஒரு வருசம். அது தேயிற சாமான்," என்றார் அங்கிருந்த இளைஞர்.

"தம்பி, பற்றரி இல்லாத கொம்பியூட்டரையா நீங்கள் எனக்கு வித்தனீங்கள்?" என்று கேட்டேன். அவர் சங்கடத்தோடு சிரித்தார். அவரோடு எனக்குக் கோபமில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டதை அவர் திருப்பிச் சொன்னார், அவ்வளவே. என் கோபமெல்லாம் அந்த ஒரு சொல்லின் மீதுதான்: தேய்பொருள்.

சைக்கிளின் ரயரும் தேய்பொருள்தான். அதனால்தான் ரயரைக் கழற்றி மாற்றக்கூடியதாகச் சைக்கிளைச் செய்கிறார்கள். டோர்ச்லைற்றின் பற்றரியும் தேய்பொருள்தான். அதனால்தான் அதன் பின்புறத்தில் திருகித் திறக்கும் மூடி இருக்கிறது. ஒரு பொருள் தேயும் என்று தெரிந்திருந்தால், அதை எளிதில் மாற்றுவதற்கு வழிசெய்வதே நேர்மையான தொழில். மாற்றமுடியாதபடி உள்ளே பூட்டிவைத்துவிட்டு, அது செத்ததும் "தேய்பொருள்தானே" என்று கைவிரிப்பது சூழ்ச்சி. ஒரே சொல்லை உத்தரவாதத்திலிருந்து தப்பிக்கும்போது ஒரு பொருளிலும், கணினியை வடிவமைக்கும்போது வேறொரு பொருளிலும் பயன்படுத்த எவருக்கும் உரிமையில்லை.

மடிக்கணினிகள் எப்போதும் இப்படி இருக்கவில்லை. இருபது வருடங்களுக்கு முன்னர் நான் பாவித்த கணினியின் அடிப்புறத்தில் இரண்டு தாழ்கள் இருந்தன. அவற்றை நகர்த்தினால் பற்றரி கையோடு வந்துவிடும். தூரப் பயணங்களுக்கு மேலதிகமாக ஒன்றைப் பையில் வைத்துக்கொள்வோம். 2008 இல் அப்பிள் நிறுவனம் மெல்லிய மக்புக் எயாரை வெளியிட்டபோது பற்றரியை உள்ளே வைத்து மூடியது. 2009 இல் பெரிய மக்புக் புரோவுக்கும் அதே கதி. 2012 இல் வந்த புரோ வகையொன்றில் பற்றரி பசையிட்டே ஒட்டப்பட்டிருந்தது. மற்ற நிறுவனங்களும் ஒவ்வொன்றாக அந்த வழியில் சென்றன. மெல்லிய உடல், உள்ளே பெரிய பற்றரிக்கு இடம் என்று அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் பொய்யானவையல்ல. ஆனால், அந்த மெல்லிய உடலுக்கான விலையை யார் செலுத்துகிறார்கள் என்பதை மட்டும் எந்த விளம்பரமும் சொல்லவில்லை.

"நீங்கள் பாவித்த முறை பிழையாக இருக்கலாம்" என்பது இவர்களின் இரண்டாவது சமாதானம். இதில் ஓரளவு உண்மை இருப்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். 1991 இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த லிதியம் அயன் பற்றரி, 2019 இல் அதன் ஆக்கத்திற்கு அடித்தளமிட்ட மூவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத்தந்தது. அத்தனை பெருமை வாய்ந்த அந்தப் பற்றரிக்கு இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று வெப்பம். மற்றையது எந்நேரமும் முழுமையாக மின்னேற்றப்பட்டிருக்கும் நிலை. நெடுங்காலமாக எடுத்தாளப்படும் ஒரு கணக்கின்படி, முழு மின்னேற்றத்துடன் 25 பாகை செல்சியசில் ஓராண்டு வைக்கப்பட்ட பற்றரி தன் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கை இழக்கும். 40 பாகையில் இழப்பு மூன்றிலொரு பங்கையும் தாண்டும். பாதியளவுக்குச் சற்றுக் குறைவாக மின்னேற்றி வைத்தால் இரு நிலைகளிலும் இழப்பு வெகுவாகக் குறையும்.

கொழும்பின் வெக்கையில், மின்விசிறி மட்டுமே உள்ள அறையில், நாள் முழுவதும் மின்னிணைப்பில் இருக்கும் கணினியின் உட்புறம் எவ்வளவு சூடாக இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நானும் அப்படித்தான் பாவித்தேன். இணைப்பைக் கழற்றினால் பற்றரி தேயும் என்று எண்ணி, அதைப் பாதுகாப்பதாக நினைத்தே அதைக் கொன்றிருக்கிறேன்.

ஆனால் ஒரு கேள்வி. எனக்கு இதை யார் சொன்னார்கள்? மின்னேற்றத்தை 80 வீதத்துடன் நிறுத்திவைக்கும் வசதி இன்று பல மடிக்கணினிகளில் உண்டு. என் கணினியிலும் இருந்தது. தயாரிப்பாளரின் மென்பொருள் ஒன்றுக்குள், மூன்று பக்கங்கள் தாண்டி, செயலிழந்த நிலையில் அது ஒளிந்திருந்தது. பற்றரி செத்த பிறகே அதைக் கண்டுபிடித்தேன். வெப்ப நாடுகளில் பொருளை விற்கத் தெரிந்தவர்களுக்கு, வெப்ப நாட்டுக்கான ஒற்றை வரி அறிவுறுத்தலைப் பெட்டிக்குள் வைக்கத் தெரியாதா? சொல்லாத அறிவுறுத்தலை மீறியதற்காக எவரையும் தண்டிக்க முடியாது.

அத்துடன் முழுப் பழியையும் என்மீது சுமத்தவும் முடியாது. 2012 இல் வெளியான விண்டோஸ் 8 முதல், கணினியே பற்றரியைப் பற்றிய அறிக்கையொன்றைத் தரும். அதை எடுத்துப் பார்த்தேன். தயாரிக்கப்பட்டபோது கொள்ளளவு 50 வாற்மணி. எஞ்சியிருந்தது 21. முழுமையாக மின்னேறி இறங்கிய சுற்றுகள் 164. இவ்வகைப் பற்றரிகள் 300 முதல் 500 சுற்றுகளின் பின்னரும் 80 வீதக் கொள்ளளவையாவது தக்கவைக்க வேண்டும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு.

பற்றரியின் அருமை தெரியாதவர்கள் அல்லர் நாங்கள். 1990 முதல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. பொருளாதாரத் தடையின் பட்டியலில் பற்றரியும் இருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட மக்கள் நாங்கள். தீர்ந்துபோன பற்றரிகளையும் வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு செய்தியறிக்கைக்கு உயிர்கொடுத்தோம். அன்று எங்களிடமிருந்து பற்றரியைத் தடுத்தது போர். இன்று காசு கொடுத்து வாங்கிய பற்றரியின் ஆயுளை எங்களிடமிருந்து மறைப்பது வர்த்தகம்.

மறைப்பதற்கு உள்ள விலையை உலகம் ஒருமுறை கண்டது. பழைய ஐபோன்களின் பற்றரி நலிந்தபோது அவற்றின் வேகத்தைப் பாவனையாளருக்கு அறிவிக்காமல் குறைத்ததற்காக, 2017 டிசம்பரில் அப்பிள் மன்னிப்புக் கேட்டது. பற்றரி மாற்றும் கட்டணத்தை 79 டொலரிலிருந்து 29 டொலராகக் குறைத்தது. 2020 இல் பிரான்ஸ் அதற்கு 25 மில்லியன் யூரோ அபராதம் விதித்தது. பற்றரி நலிந்ததற்காக விதிக்கப்பட்ட அபராதமல்ல அது. சொல்லாமல் விட்டதற்காக விதிக்கப்பட்டது.

ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் நிறைவேற்றிய பற்றரி ஒழுங்குவிதி இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. 2027 பெப்ரவரி 18 முதல் அங்கு விற்கப்படும் இத்தகைய சாதனங்களின் பற்றரியைப் பாவனையாளரே கழற்றி மாற்றக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்பது அதன் பொதுவிதி. குறித்த வகையின் கடைசிச் சாதனம் சந்தைக்கு வந்த பின்னரும் ஐந்து வருடங்களுக்கு மாற்றுப் பற்றரி நியாயமான விலையில் கிடைக்க வேண்டும். ஆக, தொழில்நுட்பம் இடங்கொடாது என்ற கதையும் முடிந்துவிட்டது. சட்டம் கேட்டால் தாழ் திறக்கும்.

இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. அரிசி விலைக்காகவும் காலாவதியான தகரப் பால்மாவுக்காகவும் மட்டும் அதை நினைவுகூருவது போதாது. எனது கோரிக்கைகள் மூன்றே. கணினிக்கு இரண்டு வருடமெனில் பற்றரிக்கும் இரண்டு வருடம். எத்தனை சுற்றுகளின் பின்னர் எத்தனை வீதம் எஞ்சும் என்பது பெட்டியின் மீது தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடப்பட வேண்டும். மாற்றுப் பற்றரி ஐந்து வருடங்களுக்குக் கிடைக்க வேண்டும்.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கும் ஒரு சொல். பிரித்தானியாவின் 2015 ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைகள் சட்டம், நீடித்துழைக்கும் தன்மையையும் ஒரு பொருளின் தரத்துள் அடக்குகிறது. 2011 முதல் நடைமுறையிலுள்ள அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டமும் அவ்வாறே. தயாரிப்பாளரின் உத்தரவாதம் முடிந்ததும் உங்கள் உரிமையும் முடிந்துவிட்டதென எண்ணி வாளாவிருக்காதீர்கள். எங்கிருந்தாலும், உத்தரவாதம் முடிவதற்கு ஒரு மாதம் முன்னரே பற்றரி அறிக்கையை எடுத்துப் பாருங்கள். குறை இருந்தால் எழுத்தில் முறையிடுங்கள். பற்றரி வீங்கியிருந்தால் மின்னிணைப்பைத் துண்டித்து உடனே பாவனையை நிறுத்துங்கள். குத்தவோ நசுக்கவோ வேண்டாம்.

என் கணினிக்குப் புதிய பற்றரி 38,000 ரூபா. ஆறு வாரம் காத்திருந்தேன். திருத்துநர் பதினொரு திருகாணிகளைக் கழற்றி, பழையதை எடுத்து, புதியதைப் பொருத்தி மூடினார். அவருக்குப் பத்து நிமிடமே பிடித்தது. அந்தப் பத்து நிமிட வேலையை நானே செய்திருந்தால், கணினியின் மிகுதி உத்தரவாதமும் செல்லாமல் போயிருக்குமாம்.