காயம் ஒண்ணு, மருந்து மூணு

நான் குடியிருக்கிற வீட்டு ஹால்ல ஒரு அரோவானா இருக்கு. சிங்கப்பூர்ல இதெல்லாம் சகஜம். டிராகன் மாதிரி இருக்கு, அதிர்ஷ்டம் கொண்டு வரும்னு சீனர்கள் வளர்ப்பாங்க. எங்க வீட்டுக்கார அங்கிள் தமிழர்தான், ஆனா பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி வாங்கிட்டார். ஆசிய அரோவானா 1975-லேர்ந்து சைட்டிஸ் முதல் பட்டியல்ல இருக்கிற மீன். பண்ணையில பிறந்ததைத்தான் விக்கலாம், உடம்புக்குள்ள மைக்ரோசிப், கையில சான்றிதழ். எனக்கே இவ்வளவு பேப்பர் கிடையாது :-)

போன மாசம் ஒரு ராத்திரி 'டமார்'னு சத்தம். ஓடி வந்து பார்த்தா மீன் எகிறிக் குதிச்சு மூடியில மோதியிருக்கு. காட்டு ஆத்துல கிளையில உக்காந்திருக்கிற பூச்சியைத் தாவிப் பிடிக்கிற ஜாதி அது, குதிக்காம இருக்குமா? இடது பக்கம் அஞ்சாறு செதில் போயி சதை சிவப்பா தெரியுது. வால் துடுப்பு வேற கிழிஞ்சிருச்சு.

நான் சொல்ல வந்தது இதுக்கப்புறம் நடந்ததைப் பத்தித்தான்.

அங்கிள் மறுநாளே கடைக்குப் போயி மூணு மருந்து வாங்கிட்டு வந்தார். ஒரு மஞ்சள் பவுடர், பூஞ்சைக்குன்னு ஒரு பாட்டில், ஆன்டிபயாடிக்னு ஒரு பாக்கெட். உள்ளே என்ன மருந்துன்னு எதுலயும் உருப்படியா எழுதலை. மூணையும் ஒண்ணா கொட்டினார். "சுத்தமா இருக்கட்டும்"னு ஃபில்டர் பஞ்சையும் கல்லையும் குழாய்த் தண்ணியில அலசி வெச்சார். ரெண்டாம் நாள் காலையில மீன் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. "காயம் சீரியஸாயிடுச்சு, இன்னொரு டோஸ் போடணும்"ங்கறார்.

காயம் அல்ல சார், தண்ணி!

மீனோட கழிவுலேர்ந்து வர்ற அம்மோனியாவை நைட்ரைட்டாவும், அதை நைட்ரேட்டாவும் மாத்துறது ஃபில்டர்ல குடியிருக்கிற பாக்டீரியா. இந்த ஊர் குழாய்த் தண்ணியில குளோரமின் இருக்கு, அதுல அலசினா அந்தப் பாக்டீரியாவுக்குச் சங்குதான். மிச்சம் மீதி இருந்தா ஆன்டிபயாடிக் பார்த்துக்கும். கிட் வாங்கிப் பார்த்தேன். மருந்துக் கலர் கொஞ்சம் குழப்பினாலும் அம்மோனியா ஏறியிருக்கறது நல்லாவே தெரிஞ்சுது. செவுள் எரிஞ்சா மீன் மூச்சுக்குத் தவிக்காம என்ன செய்யும்?

நம்ம ஊர்ல தண்ணியை ஒரு நாள் வாளியில பிடிச்சு வெச்சா குளோரின் பறந்துடும்னு அப்பா சொல்லிக் கொடுத்தது. குளோரமின் அப்படிப் போகாது. அதை உடைக்கிற மருந்து வேணும். உடைஞ்சா அம்மோனியா வெளியே வரும், அதையும் கட்டிப் போடற மருந்தா பார்த்து வாங்கணும். அப்படி வாங்கி, ஒரேயடியா மாத்தாம கால்வாசி கால்வாசியா மாத்தினோம். பழைய தொட்டித் தண்ணி அமிலமா இருக்கும். புதுத் தண்ணி ஊத்தி திடீர்னு பிஎச் ஏறினா இருக்கிற அம்மோனியாவோட விஷமும் ஏறிடும். அவசரப்பட்டு முழுசா மாத்தி மீனைக் கொன்னவங்க நிறைய பேர்.

அப்புறம் உப்பு. நன்னீர் மீனோட உடம்புல உப்பு அதிகம், வெளியே கம்மி. அதனால தண்ணி எப்பவும் உள்ளே ஏறிக்கிட்டே இருக்கும், சிறுநீரகம் வெளியே தள்ளிக்கிட்டே இருக்கும். தோல்ல ஓட்டை விழுந்தா இந்த வேலை பல மடங்கு. லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் வரை உப்பைக் கரைச்சுக் கொஞ்சம் கொஞ்சமா விட்டா அந்தச் சுமை குறையும். சாதாரண உப்பு, விலை சில வெள்ளிதான். மத்தபடி நல்ல தண்ணியில மீன் தோல் ஆறுற வேகம் நமக்கெல்லாம் வராது, பக்கத்துத் தோல் செல்கள் சில மணி நேரத்துலயே நகர்ந்து வந்து காயத்தை மூட ஆரம்பிச்சுடும்.

மருந்தே வேண்டாம்னு சொல்ற ஆள் நான் இல்லை. சிவப்பு பரவுது, குழி விழுது, செதில் நட்டுக்கிட்டு நிக்குது, தீனி எடுக்கலைன்னா மருந்து வேணும்தான். ஆனா அதை முடிவு பண்ண வேண்டியது கடைக்காரர் இல்லை. பஞ்சு மாதிரி வெள்ளையா படிஞ்சா எல்லாரும் பூஞ்சைங்கறாங்க. காலம்னாரிஸ்ங்கற பாக்டீரியாவும் அப்படித்தான் தெரியும். வெள்ளைப் புள்ளி நோய்க்குப் பண்ற மாதிரி சூட்டை ஏத்தினா அது இன்னும் வேகமா பரவும். மீன் பார்க்கிற கால்நடை மருத்துவர் இங்கே இருக்காங்க. மயக்கம் கொடுத்து, காயத்தைச் சுரண்டிப் பார்த்து, ஊசியாவோ தீனியிலோ மருந்து கொடுப்பாங்க. பெரிய மீனுக்கு அதுதான் சரி. அங்கிள் செஞ்சது 340 லிட்டர் தண்ணிக்கு வைத்தியம், மீனுக்கு இல்லை. அந்தத் தண்ணி அப்புறம் சாக்கடைக்குத்தானே போகுது? மருந்துக்கு அடங்காத பாக்டீரியா எங்கேர்ந்து வருதுன்னு அப்புறம் ஆச்சரியப்படுவோம்.

"டாக்டர் ஃபீஸ் யார் கொடுக்கறது"ன்னு அங்கிள் கேட்டார். நியாயம்தான். ஆனா இதே ஊர்ல, கண்ணு கீழே பார்க்குதுன்னு அரோவானாவுக்கு அறுவை பண்ணி நிமிர்த்தி விடறாங்க, அதுக்குக் காசு கொடுக்க ஆள் இருக்கு. அழகுக்குச் செலவழிக்கலாம், இடத்துக்குச் செலவழிக்க மனசு வராது. அங்கிளோட தொட்டி நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம். மீனே ஒன்றரை அடி! வளைஞ்சாத்தான் திரும்ப முடியும். இதுல மோதாம இருந்தாத்தான் அதிசயம். என்னைக் கேட்டா அஞ்சடிக்கு ரெண்டடிக்குக் குறைஞ்ச தொட்டி வெச்சிருக்கிறவருக்கு இந்த மீனை விக்கவே கூடாது. சைட்டிஸ் சான்றிதழ் கேட்கிற ஊர்ல தொட்டி அளவு கேட்கறதா கஷ்டம்?

மூணு வாரத்துல காயம் மூடிருச்சு, இப்ப செதில் முளைக்குது, வரிசை கொஞ்சம் கோணலா. அஞ்சடித் தொட்டிக்கு அங்கிள் அரை மனசா சம்மதிச்சுட்டார். சோபாவை எங்கே போடறதுன்னு ஆன்ட்டி கேட்டிருக்காங்க, பேச்சுவார்த்தை நடக்குது. அதுவரைக்கும் மூடி மேல நாலு செங்கல்லும், உள்பக்கம் ஒட்டின ஸ்பாஞ்சும்தான்.