விதியை மாத்தினா ரசிகர்களுக்கு ஏன் கோபம் வருது?

மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, பகடை உருட்டி, கதை சொல்லி ஆடும் விளையாட்டு ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. 2008-ல் இதன் 4-ம் பதிப்பு வந்ததும் ரசிகர்கள் ரெண்டாகப் பிரிந்தார்கள்.

என்ன மாறியது?

அதுவரை மந்திரவாதி தினசரி மந்திரங்களை எண்ணி எண்ணிச் செலவழிப்பார். வீரர் வாளைச் சுழற்றிக்கொண்டே இருப்பார். புதிய விதியில் எல்லோருக்கும் ஒரே அமைப்பில் சக்திகள். சண்டையில் சமநிலை வந்தது. ஆனால், ‘இது வீடியோ கேம் மாதிரி இருக்கே’ என்று பலர் கொதித்தார்கள்.

இதை வெறும் அடம் என்று ஒதுக்க முடியாது. பல வருஷம் ஆடி வளர்த்த கதாபாத்திரம் புது விதிக்குள் அப்படியே பொருந்தாது. திரும்ப முதலில் இருந்து உருவாக்கணும்.

வேறு கடைக்குப் போன கூட்டம்

பழைய விதிகளை மற்றவர்களும் பயன்படுத்த 2000-லேயே திறந்த உரிமம் இருந்தது. அதை வைத்து பைசோ நிறுவனம் 2009-ல் ‘பாத்ஃபைண்டர்’ வெளியிட, பலர் அங்கே போய்விட்டார்கள்.

விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் அடுத்த முறை உஷாரானது. 2012-ல் வரைவு விதிகளை ரசிகர்களிடமே கொடுத்து ஆடிப் பார்க்கச் சொன்னது; கருத்து கேட்டுத் திருத்தியது. 2014-ல் வந்த 5-ம் பதிப்பு பெரிய ஹிட்.

விதியை மாத்துறது தப்பில்லை. வாரக்கணக்கில் உட்கார்ந்து ஆடுறவங்ககிட்ட முதல்ல கேட்டுட்டு மாத்தணும்.