விடை தெரிந்த சோதனை எதற்கு?

கல்லூரியில் முதலாண்டு படிக்கும் என் பேத்தி, போன வாரம் இயற்பியல் ரெக்கார்டு நோட்டும் ரப்பருமாக உட்கார்ந்திருந்தாள். "என்னம்மா அழிக்கிறே?" என்றேன். தனி ஊசல் சோதனையாம். ஒரு மீட்டர் நீள ஊசலுக்கு 20 அலைவுகள் 40.3 வினாடி. கணக்குப் போட்டால் புவியீர்ப்பு முடுக்கம் 9.72.

"9.8 வரணும் தாத்தா. இல்லேன்னா சார் கையெழுத்துப் போடமாட்டார். 40.1னு மாத்திட்டா வந்துடும்" என்றாள், கூச்சமே இல்லாமல்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலமெல்லாம் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தவன் நான். அளவுப் புத்தகத்தில் அளந்த எண்ணை அழித்துவிட்டு வேண்டிய எண்ணை எழுதினால் அதற்குப் பெயர் பொய்க் கணக்கு, மெமோ வரும். கல்லூரியில் அதற்கு மதிப்பெண்ணா?

பிள்ளையைக் குறை சொல்லமாட்டேன். விடையைப் புத்தகத்தில் அச்சடித்துவிட்டு, "கண்டுபிடி" என்று சொல்பவர்கள்தான் குற்றவாளிகள். ஸ்டாப்வாட்ச் அழுத்தும் விரல் 0.2 வினாடி பிசகினாலே இந்த விடையில் 0.1 மாறும். "9.7, கூடவோ குறையவோ 0.1" என்று எழுதுகிறவள்தான் இயற்பியல் கற்றவள்.

இன்னொன்று. பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு 9.81 மனப்பாடம். அது பாரீசின் எண்! நம் புதுச்சேரிக்கு 9.78தான். 1672-இல் ழான் ரிஷே தென்னமெரிக்காவின் கயேனுக்குப் போனார். பாரீசுக்குச் சரியாக வைத்த ஊசல் கடிகாரம் அங்கே நாளுக்கு ஏறக்குறைய இரண்டரை நிமிடம் பின்தங்கியது. கடிகாரம் பழுது என்று ஒதுக்காமல், அளந்ததை அப்படியே குறித்து வைத்தார். பூமி சரியான உருண்டை அல்ல என்று நியூட்டன் வாதாட அந்தக் குறிப்பு துணை நின்றது. ரிஷேயின் கையில் என் பேத்தியின் ரப்பர் இருந்திருந்தால்?

சோதனை வகுக்கும் பேராசிரியர்களே, அதே நூலும் குண்டும் போதும். கேள்வியை மாற்றுங்கள். ஊசலை 10 டிகிரியில் விடு, பிறகு 60 டிகிரியில் விடு. ஐந்தைந்து அலைவுகளுக்கு நேரம் பார், மாறுகிறதா சொல் என்று கேளுங்கள். விடையைச் சொல்லாதீர்கள். நூற்றுக்கு ஏழு பங்கு வரை கூடும். பத்து வினாடியில் முக்கால் வினாடி கிட்ட, விரல் பிசகுக்கு மேலேயே தெரியும். தானே கண்ட பிள்ளை அதை மறக்காது.

பேத்தி அழித்த இடத்தில் மறுபடி 40.3 என்று எழுதிவிட்டாள், இந்தமுறை பேனாவால். நாளைக்குக் கையெழுத்து விழுமா தெரியாது. விழாவிட்டால் நானே கல்லூரிக்குப் போகிறேன்.