நேஸ்பியில் வென்றவர் யார்?

1645 ஆம் ஆண்டு யூன் 14 ஆந் திகதி, இங்கிலாந்தின் நேஸ்பி என்னுஞ் சிற்றூருக்கு அண்மையில் முதலாம் சாள்ஸ் மன்னனின் படையைப் பாராளுமன்றப் படை முறியடித்தது. இதனை மக்களின் வெற்றி எனப் போற்றுவாருளர். குரொம்வெல் என்ற தனிமனிதரின் மேதைமைக்குச் சான்றெனக் கொள்வாருமுளர். இரண்டும் மறுபரிசீலனைக்குரியன.

தனிமனித மேதைமை பற்றி முதலில் நோக்குவோம். அன்று தலைமைத் தளபதி பெயர்பாக்ஸ். குரொம்வெல் குதிரைப்படைத் தலைவரே. அரச தரப்பின் ரூபேட் இளவரசன், அயற்றன் தலைமை தாங்கிய பாராளுமன்ற இடதுசாரியைச் சிதறடித்தபின், பொதிவண்டிகள் வரை துரத்திச் சென்று காலந்தாழ்த்தினான். குரொம்வெல்லின் வீரரோ எதிரியை முறியடித்ததும் அணிகுலையாது திரும்பி, அரச காலாட்படையைத் தாக்கினர். இக்கட்டுப்பாட்டின் பின்னணியில் ஓர் அமைப்பு இருந்தது. பிரபுக்களையும் பாராளுமன்ற உறுப்பினரையும் படைப்பதவிகளினின்று விலக்கிய சட்டமும், வரிப்பணத்திற் சம்பளம் பெற்ற 22,000 பேர் கொண்ட புதிய படைத்திட்டமும் அவ்வாண்டிலேயே உருவாயின. களத்தில் எண்ணிக்கைப் பலமும் பாராளுமன்றத்தின் பக்கமே இருந்தது.

இனி, இது மக்களின் வெற்றியா? காலாட்படையினருட் பலர் கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட ஏழைகள். நாட்கூலி எட்டுப் பென்சு. தோற்ற படையைத் தொடர்ந்து வந்த பெண்களுள் குறைந்தது 100 பேர் வெற்றி பெற்றோராற் கொல்லப்பட்டனர். வெற்றிமுழக்கம் செய்வோர் இதனைப் பெரும்பாலும் பேசுவதில்லை.

போர் முடிந்த அன்றே குரொம்வெல் பாராளுமன்றச் சபாநாயகருக்குக் கடிதம் எழுதினார். உயிரைப் பணயம் வைத்த வீரருக்கு மனச்சாட்சிச் சுதந்திரம் வேண்டுமென அதிற் கேட்டிருந்தார். கடிதத்தை அச்சிட்ட பொதுமக்கள் சபை அப்பகுதியை நீக்கிவிட்டது! வெற்றிச் செய்தியை ஏற்று, வென்றவனின் கோரிக்கையை விலக்கிய இச்செயல் பின்வந்தவற்றுக்கு முன்னறிவித்தலாயிற்று. 1647 இல் நிலுவைச் சம்பளத்தை முழுமையாகக் கொடாமலே படையைக் கலைக்கப் பாராளுமன்றம் முற்பட்டது. அவ்வாண்டு பட்னி விவாதங்களில், சாதாரண மனிதனுக்கும் வாக்குரிமை வேண்டுமென வீரரின் பிரதிநிதிகள் வாதாடியபோது, சொத்துடையோர்க்கே அவ்வுரிமை என மறுத்தவர் நேஸ்பியிற் போரிட்ட அதே அயற்றன். 1649 இல் கிளர்ந்தெழுந்த வீரர் மூவர் பேர்போட் தேவாலய வளவிற் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடக்குமுறைக்குத் தலைமை தாங்கியவர்கள் பெயர்பாக்சும் குரொம்வெல்லுமே.

நேஸ்பி வீணென்பது எமது வாதமன்று. 1629 முதல் பதினொரு ஆண்டுகள் பாராளுமன்றத்தைக் கூட்டாது ஆண்ட மன்னன் வென்றிருப்பின் விளைவு கொடிதாகவே இருந்திருக்கும். ஆனால் முடியைத் தோற்கடித்த பாராளுமன்றம் நிலவுடைமையாளரதும் வணிகரதும் பாராளுமன்றமே. சொத்துத் தகைமையின்றி ஆண்கள் வாக்களிக்க 1918 வரையும், பெண்கள் அவர்களுக்குச் சமமாக வாக்களிக்க 1928 வரையும் காத்திருக்க நேர்ந்தது. எனவே, பாராளுமன்றம் என்ற சொல்லைக் காணும்போதெல்லாம் மக்கள் என வாசிக்கும் வழக்கத்தை வரலாற்று மாணவர் கைவிடுதல் வேண்டும். களத்தில் யார் வென்றார் என்பதோடு அமையாது, அவ்வெற்றியின் பயனை யார் நுகர்ந்தார் என்றும் வினவுதலே எமது கடமையாகும்.