கிருமியைக் கொல்லும் விளக்கு கைக்கு வேண்டாம்!

கிருமியைக் கொல்லும் விளக்கு கடைகளில் விற்கிறது. அதன் கீழே கையை நீட்டினால் போதும், சுத்தமாகிவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது தவறு!

அந்த விளக்கிலிருந்து வருவது புற ஊதாக் கதிர். கண்ணுக்குத் தெரியாது. வெயிலிலும் இந்த வகைக் கதிர் உண்டு. வெயில் பட்ட இடத்தில் கிருமிகள் வளர்வதில்லை என்று 1877-ம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் டவுன்ஸ், பிளண்ட் என்ற இருவர் கண்டறிந்தார்கள்.

காரணம் என்ன? உயிரணுவுக்குள் டி.என்.ஏ. என்ற நுண்ணிய இழை இருக்கிறது. உயிரணு பெருகுவதற்கு அதுதான் வழிகாட்டி. கதிர் பட்டால் இழை பழுதாகிறது. கிருமி பெருக முடியாமல் அழிகிறது.

நம் தோலும் உயிரணுக்களால் ஆனதுதானே! இது கிருமி, இது குழந்தையின் கை என்று கதிருக்குத் தெரியுமா? தோல் சிவக்கும், எரியும். கண்ணும் கெடும். இந்த விளக்கால் கையைச் சுத்தம் செய்யக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் எச்சரித்தது.

தண்ணீரைச் சுத்தம் செய்யும் கருவிக்குள் மூடி வைத்திருக்கும்வரை அந்த விளக்கு நல்ல வேலைக்காரன். கைக்குச் சோப்பும் தண்ணீரும் போதும். செலவும் குறைவு, ஆபத்தும் இல்லை!