நண்பகலா, நள்ளிரவா?

வெலிமடையில் நம்மிடம் பயின்ற தோட்டத்து மாணவி ஒருத்தி, 15ஆம் திகதி "12 ஏ.எம்." வரை விண்ணப்பிக்கலாம் என்ற அறிவித்தலை நண்பகலெனக் கொண்டாள். அன்று காலை இணையத்தைத் திறந்தபோது, நள்ளிரவிலேயே விண்ணப்பம் முடிந்திருந்தது. பிழை அவளுடையது மட்டுமன்று. ஏ.எம்., பி.எம். என்பவை உச்சிப்பொழுதுக்கு முன், பின் எனப் பொருள்படும் இலத்தீன் தொடர்களின் சுருக்கங்கள், நமது மு.ப., பி.ப. என்பனவும் அப்பொருளனவே. உச்சிப்பொழுதான 12 மணியோ முன்னுமன்று, பின்னுமன்று! வழக்கில் 12 ஏ.எம். நள்ளிரவையும், 12 பி.எம். நண்பகலையும் குறிக்கும். ஆயினும் மாணவர்களே, 12 மணியை எழுதுங்கால் நண்பகல், நள்ளிரவு என்றே எழுதுங்கள். நள்ளிரவாயின், எந்நாள் முடியும் நள்ளிரவு என்பதையும் சேர்த்தெழுதுங்கள். ஒரு சொல்லைச் சுருக்கியதால் அப்பிள்ளை ஓராண்டு காத்திருக்க நேர்ந்தது.