வீடு தேடி வருது மாத்திரை... வீட்டுல ஆள் இல்லையே! கூலித் தொழிலாளர்களைக் குறி வைக்கும் பி.பி.

"நேத்துகூட நல்லாத்தானே இருந்தாரு..."

மாரடைப்பில் ஒருவர் போய் விட்டால் துக்க வீட்டில் கேட்கும் முதல் பேச்சு இதுதான். நல்லாத்தான் இருந்திருப்பார். ஆனால் அவருக்கு பி.பி. எவ்வளவு என்று பலருடைய விஷயத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ரத்தக் கொதிப்புக்கு வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. சத்தமில்லாமல் ரத்தக் குழாயைக் கெடுத்து விட்டு, ஒரு நாள் நெஞ்சைப் பிடிக்க வைத்து விடும்.

100-க்கு 7 பேர்தான்!

தமிழகத்தில் 2020-ம் ஆண்டு நடந்த கணக்கெடுப்பில், பெரியவர்களில் 3 பேரில் ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு இருப்பது தெரிய வந்தது. அதைவிட அதிர்ச்சி, அவர்களில் 100-க்கு சுமார் 7 பேர்தான் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள்.

காரணம் என்ன? ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. இன்னொரு பக்கம், "வெயில்ல உழைக்கிற உடம்பு, எனக்கு எங்கே பி.பி. வரப்போவுது" என்ற நினைப்பு. மாத்திரை வாங்கினாலும் ஒரு மாசம் சாப்பிட்டு, "இப்ப சரியாயிடுச்சு" என்று நிறுத்தி விடுகிறார்கள். மாத்திரையால்தான் பி.பி. குறைந்தது என்பது புரிவதில்லை.

வீட்டுக்கே வந்த மருந்து

இதை மாற்றத்தான் 2021 ஆகஸ்டு 5-ந்தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் பி.பி., சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுத்தார்கள். 2024-ல் ஐ.நா. விருதும் கிடைத்தது. 2023-24 கணக்கெடுப்பில் 7 என்பது 17 ஆனது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் மீதி 83 பேர்?

இங்கேதான் சிக்கல். தன்னார்வலர் வருவது பகலில். கொத்தனார், சித்தாள், லோடுமேன், ஆட்டோ டிரைவர் எல்லாம் காலையிலேயே கிளம்பி விடுகிறார்கள். வீட்டில் இருக்கும் பாட்டிக்கு பி.பி. பார்த்தாச்சு, சம்பாதிக்கிற மகனுக்குப் பார்க்கவில்லை.

இதை உணர்ந்து 2024 ஜனவரியில் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' என்று தொழிற்சாலைகளுக்கே போனார்கள். சரி, கம்பெனியே இல்லாதவர்கள் எங்கே போவது? காலை 6 மணிக்கு ஆள் கூடும் லேபர் ஸ்டாண்டு, காய்கறி மார்க்கெட், ஆட்டோ ஸ்டாண்டு. இங்கே ஒரு மேஜை, ஒரு பி.பி. கருவி, ஒரு நர்ஸ் இருந்தால் போதும். ஒருவருக்கு 5 நிமிஷம். கூலியும் போகாது.

நம்ம கையில் இருப்பது

* 30 வயது தாண்டினால் வருஷம் ஒரு தடவையாவது பி.பி. பாருங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 140/90-ஐ எட்டினால் டாக்டரை விடாதீர்கள்.

* ஒரு நாளைக்கு மொத்த உப்பு ஒரு டீஸ்பூனைத் தாண்டக் கூடாது. ஊறுகாய், கருவாடு, அப்பளத்தில் இருக்கும் உப்பும் இந்தக் கணக்கில் சேரும்.

* பீடிதானே என்று நினைக்காதீர்கள். சிகரெட் மாதிரியே அதுவும் இதயத்தைக் கெடுக்கும்.

* கருத்துப் போன எண்ணெயில் பொரித்த வடை, பஜ்ஜியைத் தவிருங்கள்.

* நெஞ்சில் அழுத்தம், இடது கையில் வலி, குப்பென்று வியர்வை என்றால் 'கேஸ்' என்று சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம். உடனே 108. 'இதயம் காப்போம்' திட்டத்தில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல்கட்ட மாத்திரை கொடுக்கத் தொடங்கினார்கள்.

சம்பாதிக்கிற ஆள் சாய்ந்தால் பிள்ளைங்க படிப்பும் வீட்டு வாடகையும் சேர்ந்து சாயும். வீடு தேடிப் போன அதிகாரிகள் இனி லேபர் ஸ்டாண்டையும் தேடிப் போகட்டும்.